ஜப்பான் முறையில் ஒரு பிரிவு உபசாரம்

இனிமேல் பொண்டாட்டி மெர்லினுக்குப் பயப்படுவதில்லை என்று டென்னிஸ் முடிவெடுத்தது கல்வராயன் மலையில். வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில், வண்டி திரும்புவதற்குக் காத்திருந்தபோது. மலைமேல் இருந்தால் அவருக்கு நல்ல தைரியம் வரும். மெர்லின் இருப்பது கீழே கள்ளக்குறிச்சியில், அதனால்தான். பஸ் ஒவ்வொரு வளைவாக இறங்க இறங்கத் தைரியமும் இறங்கும். கச்சிராயபாளையம் வருவதற்குள் பாதி காலி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கடைசிப் பயணி இறங்கும்போது மிச்சத்தையும் கையோடு கொண்டுபோய்விடுவார்.

ஆளைப் பார்த்தால் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்டக்டர் உத்தியோகம். முறுக்கின மீசை. குடித்துவிட்டு ஏறி ரகளை பண்ணுகிறவனைச் சட்டையைப் பிடித்து நடுக்காட்டில் இறக்கிவிட்டு, விசில் ஊதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அதே டென்னிஸ் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற அழகைப் பார்க்க வேண்டும். சத்தமே வராது. உள்ளே மெர்லின் எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த காலை வைப்பார்.

மெர்லின் கணக்கு டீச்சர். மாதா கோயில் பாடற்குழுவுக்கும் அவள்தான் தலைவி. பாட்டிலும் கணக்குத்தான். ஒரு தாளம் தள்ளிப்போனால் அவள் திட்ட மாட்டாள். பாட்டை நிறுத்துவாள். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குவாள். "மறுபடியும்" என்பாள். அவ்வளவுதான். அதற்கே குழுவில் இருந்த பெண்களுக்கெல்லாம் நாக்கு உலரும். டென்னிஸ் அந்தக் குழுவில் கடைசி வரிசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறார். சுருதி மட்டும் இன்னும் அவரிடம் வந்து சேரவில்லை.

இந்தத் தடவை வினை டான்ஸ் உருவத்தில் வந்தது.

ஒரு சாயங்காலம், தட்டில் தோசை வைத்துவிட்டு மெர்லின் சொன்னாள். "பங்குத் திருவிழாவுக்கு ஆயர் வராருங்க. மேடையில வரவேற்புப் பாட்டு நம்மதுதான். இந்த வாட்டி ஸ்டெப்போட பாடறோம்."

"ஸ்டெப்புன்னா? படிக்கட்டுல நின்னுக்கினா?"

"டான்ஸு ஸ்டெப்புப்பா" என்றாள் மகள் ஏஞ்சலின். காலேஜில் படிக்கிறாள். அவள் அறைச் சுவரில் பெயின்ட் தெரியாது. முழுக்கக் கொரியப் பாட்டுக் குழுப் பையன்களின் படம்தான். "கொரியா குரூப்புங்க ஆடற மாதிரி. நான்தான் சொல்லித் தரப்போறேன்."

டென்னிஸ் தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"மெர்லின், எனக்கு நாப்பத்தாறு வயசு ஆவுது."

"ஆவட்டும். கால் ரெண்டும் இருக்குதில்ல?"

"முட்டி வலிக்கிது."

"ஆடனா சரியாப் பூடும்."

"நான் வேணா பின்னாடி சும்மா நின்னுக்கறேனே."

"அது எப்படி? எல்லாரும் ஒரே நேரத்துல கால தூக்கணும், ஒரே நேரத்துல வைக்கணும். ஒருத்தர் மட்டும் நின்னா பல்லு வுழுந்த மாதிரி இருக்கும்."

"கடைசில இப்படிப் பண்ணணும்பா" என்று ஏஞ்சலின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் காட்டினாள். "இது ஹார்ட்டு."

"யாருக்குக் காட்டணும்?"

"ஆயருக்குத்தான்."

மறைமாவட்டத்துக்கே பெரியவரான ஆயர் முன்னால், ஊரே பார்க்க, மீசையை வைத்துக்கொண்டு விரலில் இதயம் காட்டுகிற தன் கோலத்தை டென்னிஸ் ஒரு நொடி நினைத்துப் பார்த்தார். மிச்சத் தோசையை நகர்த்தி வைத்துவிட்டார்.

முதல் பயிற்சிக்குப் போனார். எல்லோரும் வலது பக்கம் திரும்பினால் இவர் இடது பக்கம். எதிரில் வந்த பெண் அலறிக்கொண்டு ஒதுங்கினாள். ஒற்றைக்காலில் சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றினார். பாதியில் நிற்கத் தெரியாமல் போய் டோலக்கின் மேலேயே உட்கார்ந்தார். டோலக் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அன்றைக்கு அதுதான் சரியான தாளத்தில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மெர்லின் சிரிக்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள். "மறுபடியும்" என்றாள்.

அதோடு அவருக்கு நிம்மதி போய்விட்டது. பஸ்ஸில் யாராவது 'வலது பக்கம்' என்றாலே இடது பக்கம் திரும்பினார். சின்னசேலம் போகிறவருக்கு உளுந்தூர்பேட்டை பஸ்ஸைக் காட்டிவிட்டார். மெர்லினிடம் போய் 'நான் வரவில்லை' என்று சொல்லலாமே என்பீர்கள். அதையும் பண்ணிப் பார்த்தவர்தான். போன வருஷம் தொண்டை வலி என்று ஒரே ஒரு பொய் சொன்னார். மாதம் பூராவும் காலையும் மாலையும் கசாயம். கடைசியில் கசாயத்தால் நிஜமாகவே தொண்டை கெட்டது.

இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரிந்த மனுஷனுக்கு ஒரே ஆறுதல் வெள்ளிமலை. அங்கே வண்டி நிற்கும் நேரத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ரகசியமாக ஒரு காரியம் பண்ணுவார். ஜப்பான் பாட்டுக் குழு பார்ப்பார். வீடு முழுக்கக் கொரியாவின் ஆட்சி. அங்கே ஜப்பான் பெயரை எடுக்க முடியுமா? மூச்சு விட மாட்டார். விஷயம் தெரிந்த ஒரே ஆள் டிரைவர் கொளஞ்சியப்பன். அவருக்கும் டென்னிஸ் அந்த முடிவெடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீ கிளாஸோடு வந்த கொளஞ்சியப்பன் போனை எட்டிப் பார்த்தார். "இன்னாடா டென்னிஸு, உம் பொண்ணு பாக்குற கொரியாக்காரனுங்களா?"

"ஜப்பான்ணே."

"ரெண்டும் ஒண்ணுதானே."

ஐயோ, அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. டென்னிஸ் ஹெட்போனைக் கழற்றி எறிந்தார்.

"எப்படிண்ணே ஒண்ணாவும்? கொரியாக்காரனுங்கள சின்ன வயசுலயே புடிச்சிப்போட்டு வருசக்கணக்கா பழக்கறாங்க. நல்லா வந்தப்புறம்தான் வெளிய வுடறாங்க. மேடைக்கு வரும்போதே ஒரு கொற இருக்காது. முடி கூட சொன்ன பக்கம்தான் பறக்கும்."

"நல்லதுதானடா?"

"எனக்குப் பயமா இருக்குதுண்ணே. கொறையே இல்லாத ஆளு எதிர்ல நின்னா நம்ம கொறதான் ஞாபகத்துக்கு வருது. வூட்ல அந்த மாதிரி ஒருத்தி இருக்கா. அதுவே ஜாஸ்தி."

"உன் ஜப்பான்காரன் இன்னா பண்றான்?"

"அவன் அரைகொறையாதான் மேடைக்கே வரான். ஜனங்க எதிர்லயே கத்துக்கறான். பாட்டு மறந்துடுவான். கால் தடுக்கும். ஜனங்க பேரச் சொல்லிக் கூப்ட்டு கை தட்டுவாங்க. தோ, இவரப் பாருங்க. ஹிரோஷி. நம்ம வயசு. வாலிபத்துல இருந்து ஒரே குழு. தொப்பை வந்துடுச்சி. சுருதி இன்னிக்கு வரைக்கும் சேரல. எவனும் வெளிய போன்னு சொல்லல. டிவியில சமைக்கிறாரு, தோட்டம் போடறாரு, கத்திரிக்கா வெக்கிறாரு, நடுவுல பாட்டும் பாடறாரு."

கொளஞ்சியப்பன் காடு கழனி உள்ளவர். அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. "கத்திரிக்கா நல்லா வந்துச்சா?"

"பூச்சி அடிச்சிடுச்சி. அதுக்கும் கை தட்டனாங்கண்ணே!" சொல்லும்போதே டென்னிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு பண்ணிட்டு மனுசன் பயப்படாம நிக்கிறதுக்கு ஒலகத்துல ஒரு எடம் இருக்குதுன்னு அதப் பாத்துதான் தெரிஞ்சிக்கினேன்."

கொளஞ்சியப்பன் டீயை உறிஞ்சினார். இப்படி ஒரு காரணத்துக்குப் பாட்டுக் கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அப்போது போனில் அடுத்த காட்சி ஓடியது. ஹிரோஷியின் கூட்டாளி ஒருவர் குழுவை விட்டுப் போகிறார். கோட்டு சூட்டு. பெரிய பூங்கொத்து. கூட்டமே அழுகிறது. "இவர இன்னாத்துக்குத் துரத்தறாங்க?" என்றார் கொளஞ்சியப்பன்.

"துரத்தலண்ணே. அங்க வெலகிட்டான்னு சொல்ல மாட்டாங்க. படிப்ப முடிச்சிட்டான்னு சொல்லுவாங்க. மரியாதையா, பூ குடுத்து, கும்புட்டு..."

டென்னிஸ் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"இன்னாடா?"

"அண்ணே. எனக்கும் படிப்பு முடிஞ்சிடுச்சிண்ணே!"

அங்கேதான் அந்த மகா முடிவு பிறந்தது. ஓடிப்போகிறவன் இல்லை நான், பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவன் என்று மீசையைத் தடவிக்கொண்டார். மெர்லினிடம் நேரே சொல்லும் தைரியம் மலையடிவாரத்தோடு தீர்ந்துவிடும் என்று அவருக்கே தெரியும். ஆகவே மெர்லினிடம் போகவில்லை. தைரியம் முழுசாகத் தீர்வதற்குள் நேராகப் பங்குச் சாமியார் பாதர் சாமைப் பார்க்கப் போனார். பாதர் உத்தரவு என்று வந்தால் மெர்லினால் என்ன செய்ய முடியும்? அதுதான் திட்டம்.

"பாதர், நான் குழுவுல ரொம்ப வருசமா இருந்துட்டேன். சின்னப் பசங்களுக்கு வழி வுடலாம்னு பாக்கறேன்."

பாதர் சாம் காரணம் கேட்பார், 'யோசித்துச் சொல்லுங்கள்' என்பார், 'உங்களைப் போல யார் வருவார்கள்' என்பார் என்று பதில்களையெல்லாம் பஸ்ஸிலேயே தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை. பாதர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். டென்னிஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்ல முடிவு டென்னிஸ். ரொம்ப ரொம்ப நல்ல முடிவு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இவ்வளவு சுலபமா என்று டென்னிஸுக்கே திகைப்பாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மெர்லின் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தி மட்டும் டக் டக் என்று போய்க்கொண்டிருந்தது. டென்னிஸ் சுவர் ஓரமாகவே நடந்து உள்ளே போகப் பார்த்தார்.

"பாதர் போன் பண்ணாரு."

கால் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"என்னை ஒரு வார்த்த கேக்காம போயிட்டு வந்திருக்கீங்க."

"இல்ல மெர்லின்... அது... சின்னப் பசங்களுக்கு..."

கத்தி நின்றது. மெர்லின் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். டென்னிஸ் எதற்கும் தயாராக இருந்தார், இதற்கு இல்லை. மெர்லின் அழுது அவர் பார்த்ததே கிடையாது. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாதம்மா. நான் போவல. இருந்துடறேன். டான்ஸு கூட ஆடறேன்."

மெர்லினின் கண்ணீர் சட்டென்று நின்றது. "வேணாம் வேணாம்! பாதர்கிட்ட குடுத்த வார்த்தைய மாத்தக் கூடாது. மனச கல்லாக்கிக்கறேன். நீங்க போங்க." பிறகு கத்தியை எடுத்தாள். "ஆனா ஒண்ணு. சும்மா அனுப்ப மாட்டேன். வர ஞாயித்துக்கிழமையே முறையா அனுப்பி வெக்கிறேன். நடுவுல நிக்க வெச்சி, தனியா ஒரு பாட்டு பாட வெச்சிதான் அனுப்புவாங்களாமே, ஜப்பான்ல?"

டென்னிஸ் எழுந்தே விட்டார். "எ... எங்க?"

"ஜப்பான்லங்க."

ஏஞ்சலின் போனை விட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஹிரோஷி அங்கிள் கூட அன்னிக்கு ரொம்ப அழுதாரும்மா."

"உனக்கு... ஹிரோஷிய எப்படித் தெரியும்?"

"உங்க போனும் நம்ம வூட்டு டிவியும் ஒரே கணக்குலதான்பா இருக்குது. நீங்க மலையில இன்னா பாக்கறீங்களோ அதே மாதிரிதான் இங்க டிவியில வந்துக்கினு இருக்கும். அம்மாவுக்கு அந்தக் கத்திரிக்கா தோட்டம் ரொம்பப் புடிக்கும்."

இத்தனை நாளாக மலை உச்சியில் ஒளித்துவைத்த ரகசியம் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! அதைவிடப் பெரிய பயம் அப்போதுதான் டென்னிஸின் மண்டைக்கு ஏறியது. தனியாக ஒரு பாட்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல். வாயை மட்டும் அசைத்துத் தப்பிக்க முடியாமல். டான்ஸுக்குப் பயந்து ஓடியவர் தனிப்பாட்டில் வந்து மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் அவர் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. மலைப் பாதையில், வளைவுக்கு வளைவு, மாதா பாட்டைப் பாடிப் பார்த்தார். முன் சீட்டில் இருந்த காசியம்மாள், வெள்ளிமலைச் சந்தைக்குப் போகிறவள், "இன்னா கண்டக்டரே, வயித்து வலியா? ஓமத் தண்ணி தரட்டுமா?" என்று கேட்டாள். கொளஞ்சியப்பன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பிரேக்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று இறங்கிப் பார்த்தார். சோறு இறங்கவில்லை. 'ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு நல்ல காய்ச்சலாகக் கொடு' என்று வேண்டினார். ஆண்டவர் உடம்பைத் தெம்பாகவே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மணலூர்பேட்டையிலிருந்து அவருடைய அக்கா பாக்கியம் பெரிய ரோஜா மாலையோடு வந்து இறங்கினாள். தம்பியின் மேல் உயிரையே வைத்திருக்கிற அக்கா. அவள் குரலைக் கேட்டால் பெண்ணையாற்றுக்கு அந்தக் கரையில் மேய்கிற மாடும் திரும்பிப் பார்க்கும். மெர்லின் உலகத்தில் யாருக்காவது கொஞ்சம் பயப்படுவாள் என்றால் அது பாக்கியத்துக்குத்தான். பூசை முடிந்தது. "நம்ம டென்னிஸ் இன்னைக்கு விடைபெறுகிறார்" என்று பாதர் அறிவித்தார்.

டென்னிஸ் நடுவில் போய் நின்றார். கீபோர்டில் மெர்லின் சுருதி கொடுத்தாள். அவர் அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் ஆரம்பித்தார். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் கீழே போயிற்று. கீழே வர வேண்டிய இடத்தில் வரவே இல்லை. முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழ ஆரம்பித்தது. இரண்டாம் சரணம் மறந்துபோயிற்று. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார். வாசலில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஹிரோஷியை நினைத்துக்கொண்டு, முதல் சரணத்தையே இன்னொரு தடவை பாடி முடித்தார்.

முதலில் பாதர் கை தட்டினார். பாடற்குழுப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். கோயில் முழுக்கப் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. "டென்னிஸ்! டென்னிஸ்!" என்று யாரோ பின்னாலிருந்து கூவினார்கள். அழுத குழந்தையைக்கூட அதன் அம்மா கையைப் பிடித்துத் தட்ட வைத்தாள். பாக்கியம் தேம்பிக்கொண்டே மாலையைப் போட்டாள். மெர்லின் சால்வை போர்த்தினாள். டென்னிஸ் தாரை தாரையாக அழுதார். தப்பாகப் பாடிய மனுஷனுக்கு ஊரே கை தட்டுகிறது! கள்ளக்குறிச்சியிலும் ஜப்பான் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று வீட்டு வாசலில் செருப்பைத் தடாலென்று கழற்றிப் போட்டார். மெர்லின் அதை எடுத்து ஓரமாக வைத்தாள். துணிச்சல் இன்னும் ஏறியது. சட்னி தண்ணியாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். மெர்லின் பேசாமல் கெட்டிச் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள். பொண்டாட்டியின் திட்டத்திலிருந்து மாலை மரியாதையோடு வெளியே வந்த ஆம்பிளை இந்த மாவட்டத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று கொளஞ்சியப்பனிடம் பீற்றிக்கொண்டார்.

திருவிழா வந்தது. ஆயர் வந்தார். டென்னிஸ் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாவம், மேடையில் இப்போது கால் தூக்கப்போகிறவர்களை நினைத்து அவருக்கு இரக்கமாக இருந்தது. குழு மேடை ஏறியது. வரிசையாக நின்றது. மெர்லின் கை அசைத்தாள். பாட்டு ஆரம்பித்தது.

ஒருவரும் காலைத் தூக்கவில்லை. ஒருவரும் சுற்றவில்லை. விரலில் எதையும் காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பாடினார்கள். எப்படிப் பாடினார்கள் என்கிறீர்கள்! ஒரே குரலாக, தேனாக வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் குழு இவ்வளவு நன்றாகப் பாடி டென்னிஸ் கேட்டதே இல்லை. ஆயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டென்னிஸின் கால் தானாகக் கீழே இறங்கியது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கேட்க முடிந்தது. "மெர்லின்... டான்ஸு எங்க?"

"எந்த டான்ஸு?"

"கால தூக்கறது... சுத்தறது... ஆயருக்கு ஹார்ட்டு..."

"ஐயே! ஆயர் எதிர்ல எவனாச்சும் அப்படி ஆடுவானா? உங்களுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"அப்போ நான் வந்து பழகனது?"

"அது நீங்க வந்த அன்னிக்கு மட்டும்தான்பா" என்றாள் ஏஞ்சலின். "நீங்க மலைக்கு வண்டி எடுத்துக்கினு போன நாள்லல்லாம் நாங்க நின்னுக்கினுதான் பாடிப் பழகனோம்."

டென்னிஸ் நடுரோட்டில் நின்றுவிட்டார். "என்னை வெலக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாமே மெர்லின்!"

"சொல்லலாம். மறுநாளே உங்க அக்கா மணலூர்பேட்டையில இருந்து வந்து, எந்தம்பிய கோயில்ல இருந்து தள்ளிட்டாளேன்னு தெருவுல நின்னு கத்துவாங்க. இப்பப் பாருங்க, அவங்களே மாலை வாங்கினு வந்து அனுப்பி வெச்சிட்டுப் போனாங்க."

டென்னிஸுக்கு மனசு ஆறவில்லை. எல்லாம் போனாலும் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"சரி, இருக்கட்டும். ஆனா அன்னிக்கு எம் பாட்டுக்கு அவ்ளோ நேரம் கை தட்டனாங்களே, அதுவும் நீ சொல்லிக் குடுத்ததா?"

"சத்தியமா இல்லங்க" என்றாள் மெர்லின். "இனிமே நீங்க பாட மாட்டீங்கன்னு பாதர் சொன்னாரில்ல, அவங்களா சந்தோசத்துல தட்டனாங்க."